திமோலே வீட்டு வழுக்கை

கார்குழலி என்று பெயர் வைத்துக்கொண்டு நாள் முழுக்க வழுக்கைத் தலைகளையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் என்று தன் தலையில் எழுதியிருக்கிறது போல என்று அவள் அடிக்கடி நினைத்துக்கொள்வாள். கோயம்புத்தூரில் பயோமெடிக்கல் படித்துவிட்டு, அங்கேயே கணபதிப் பகுதியில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தவள். அந்தக் கம்பெனி செய்த வேர்ச்சொல்லி என்ற கருவியோடு, ஆப்பிரிக்காவின் கிழக்கு மூலையில் இருக்கும் ஹர்கேய்சாவில் வந்து இறங்கிப் பதினோரு மாதம் ஆகியிருந்தது. சோமாலி மக்களின் ஊர். வெயிலும் புழுதியும் ஒட்டகப்பால் டீயும் தாராளமாகக் கிடைக்கிற ஊர்.

வேர்ச்சொல்லி ஒரு டிபன் கேரியர் அளவுதான் இருக்கும். வேரோடு பிடுங்கிய ஒரு முடியை அதற்குள் வைத்தால் நாலு நிமிடத்தில் மூன்று வரி சொல்லும். முதல் வரி, அந்த முடி தலையில் எந்த இடத்தில் பிறந்தது என்பது. இரண்டாவது, சமீப வருடங்களில் அது பட்ட பாடு: காய்ச்சல், பட்டினி, தூக்கமின்மை, கெட்ட தண்ணீர். மூன்றாவது, முடி கொட்டுவது பரம்பரை என்றால் அது அப்பா வழியில் எவ்வளவு, அம்மா வழியில் எவ்வளவு. வம்பையெல்லாம் இழுத்தது அந்த மூன்றாவது வரிதான்.

அவள் கருவியோடு உட்கார்ந்திருந்த முடி கிளினிக்கை நடத்தியவன் சமாதர். வயது முப்பத்திரண்டு. நாலு வருடம் பொள்ளாச்சிப் பக்கம் இன்ஜினியரிங் படித்தவன். அங்கிருந்து பட்டத்தோடு கொங்குத் தமிழையும் கொண்டுவந்திருந்தான். அவன் தலையில் இரண்டு காதுக்கு மேலே மட்டும் கொஞ்சம் முடி பாக்கி இருந்தது. முடி கிளினிக் வைத்திருப்பவனுக்கே முடி இல்லை என்பதை ஊரே சொல்லிச் சிரித்தது. சோமாலிகள் ஆளைப் பார்த்த மாத்திரத்தில் பட்டப்பெயர் வைத்துவிடுவார்கள். சமாதருக்கு 'பிதார்' என்று வைத்திருந்தார்கள். வழுக்கையன் என்று அர்த்தம்.

"கடைக்கு போர்டே வைக்கத் தேவையில்லீங்க. என்ற தலையே போர்டு," என்பான் அவன்.

கார்குழலிக்கு சோமாலி வராது. காதில் ஒரு மொழிபெயர்ப்பான் மாட்டியிருந்தாள். ஊர்க்காரர்கள் பேசுவது அதில் தமிழாகக் கேட்கும். அவள் பேசுவது சட்டையில் குத்திய சின்ன ஒலிபெருக்கி வழியாக சோமாலியாக வெளியே போகும். அதற்குத் தமிழ் பழக்கியவன் சமாதர். அதனால் ஹர்கேய்சாவின் டாக்ஸி டிரைவர், மீன்காரம்மா, பள்ளிவாசல் இமாம் எல்லோரும் அவள் காதில் பொள்ளாச்சிச் சந்தைக்கு வந்தவர்கள் மாதிரியே பேசினார்கள். முதல் வாரம் அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்புறம் பழகிவிட்டது. ஊர் ஞாபகமும் அவ்வளவாக வரவில்லை.

அந்த ஊர் ஆண்களுக்கு முடி ஏன் கொட்டுகிறது என்பதைப் பற்றி டீக்கடைக்கு ஒரு கொள்கை இருந்தது. போர்வெல் தண்ணீரில் உப்பு ஜாஸ்தி என்றது ஒரு கடை. காத் என்ற போதை இலையை மென்றுவிட்டு விடிய விடியத் தூங்காமல் கிடந்தால் முடி எப்படி நிற்கும் என்றது இன்னொன்று. தொப்பியைக் கழற்றாததால் தலைக்குக் காற்றுப் படவில்லை என்றார் ஒருவர். கல்யாணம்தான் காரணம் என்றார் மூன்று கல்யாணம் செய்தவர். வேர்ச்சொல்லி வந்து இதையெல்லாம் ஒருவழியாக ஒழுங்குபடுத்தியது. ஒரு லாரி டிரைவருக்குக் காய்ச்சலால் கொட்டிய முடி தானே திரும்பி வரும் என்று சொன்னது, வந்தது. அதற்குப் பிறகு வாசலில் வரிசை குறையவில்லை.

ஆனால் பாதிப் பேருக்கு மேல் காரணம் பரம்பரை. அதிலும் பெரும்பாலும் அம்மா வழி. அப்பா, அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா என்று இருபது முப்பது தலைமுறைப் பெயரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிற ஜனங்கள் அவர்கள். வழுக்கையும் அந்த வரிசையில்தான் வந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களிடம், இல்லை, அம்மாவைப் பெற்ற தாத்தாவிடமிருந்து வந்தது என்று ஒரு டப்பா சொன்னால் வீட்டில் என்ன நடக்கும்?

"ஏனம்மிணி, உன்ற மிசினு என்ன சொல்லிப்போட்டுது என்ற ஊட்டுக்காரருகிட்ட?" என்று ஒருநாள் காலையில் ஒரு பெண் வந்து நின்றாள். "மாமியா மூணு நாளா யாரோடயும் பேசறதில்லை. இவுரு அவிய பொறந்த ஊட்டு ஆளுங்களைக் குத்தஞ் சொன்னாராமா. நேத்து அவிய அண்ணன் வந்து வாசல்ல நின்னு கத்தீட்டுப் போறாரு."

கார்குழலி மன்னிப்புக் கேட்டு அனுப்பினாள். அந்த வாரத்தில் அது நாலாவது மன்னிப்பு. கல்யாணம் பேசுகிற வீடுகளில் பெண்ணின் அப்பா தலையைத் தொப்பியோடு பார்க்காதீர்கள், கழற்றச் சொல்லிப் பாருங்கள் என்று பேச்சு வந்துவிட்டதாக சமாதர் சொன்னான். சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். அந்தப் பேச்சு தன் வீட்டுக்குள்ளும் நுழையும் என்று அப்போது அவனுக்குத் தெரியாது.

சமாதரின் அப்பா ரோப்லே ஒட்டக வியாபாரி. அறுபத்தெட்டு வயது. தலையில் காடு மாதிரி முடி. மருதாணி போட்டுச் செம்பட்டையாக்கி, பின்னுக்கு வாரி, கடைவீதியில் நடந்து வந்தால் ஆட்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அவருக்குப் பட்டப்பெயர் 'திமோலே', முடிக்காரர். எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் தன் பாட்டன்மார் இருபத்திரண்டு பேரின் பெயரையும் வரிசையாகச் சொல்லி, "இவியள்ள ஒருத்தருக்குக்கூடச் சொட்டை இல்லீங்க," என்று முடிப்பார். இருபத்திரண்டு பேரும் மண்ணுக்குள் இருந்ததால் யாரும் மறுத்ததில்லை.

சமாதருக்கும் ஹோதன் என்ற பள்ளி ஆசிரியைக்கும் கல்யாணம் பேசி முடிகிற நிலையில் இருந்தது. இரண்டு பேரும் விரும்பியது. பெரியவர்கள் கூடி உட்கார்ந்து நாள் குறிப்பதுதான் பாக்கி. ஹோதனின் தாய்மாமன் அவாலே வாய்த்துடுக்கான மனிதர். டீக்கடையில் ஒரு பத்துப் பேருக்கு நடுவில் சும்மா இருக்கமாட்டாமல் அவர் ஒன்று சொன்னார்.

"திமோலேக்கு எப்படியப்பா பிதார் பொறந்தான்? அப்பனுக்குக் காடு, மகனுக்குக் களத்துமேடு. அந்த மிசின்ல ஒருக்கா வெச்சுப் பாக்கச் சொல்லுங்க."

எல்லோரும் சிரித்தார்கள். அவாலேயும் அதைச் சிரிப்புக்காகத்தான் சொன்னார். ஆனால் ஒரு சொல் டீக்கடையை விட்டு வெளியே போனால் அதன் சிரிப்பு மட்டும் அங்கேயே தங்கிவிடுகிறது. இரண்டு நாளில் அது வேறு முகத்தோடு ரோப்லேயின் மனைவி தஹபோவின் காதுக்கு வந்து சேர்ந்தது.

தஹபோ குள்ளமான, கனத்த பெண்மணி. மறுநாள் காலை மகனின் சட்டையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு வருகிறவர் மாதிரி அவனை முன்னால் விட்டு, கிளினிக்குக்குள் வந்து உட்கார்ந்தார்.

"இவன் தலையில மிச்சமிருக்கறதுல ஒண்ணைப் புடுங்கி வை கண்ணு."

"அம்மா, அதெல்லாம் வேண்டாமுங்க," என்றான் சமாதர். "டீக்கடைப் பேச்சுக்கெல்லாம்..."

"டீக்கடைல பேசுனது உன்னையில்ல. என்னைய."

கார்குழலி காதுக்கு மேலே மெலிந்து கிடந்த ஒரு முடியைப் பிடுங்கிக் கருவிக்குள் வைத்தாள். நாலு நிமிடம் ஓடியது. திரையில் முதல் இரண்டு வரி வந்தது. பிறகு மூன்றாவது வரி வந்தது. தந்தை வழி எழுபத்தெட்டு. தாய் வழி இருபத்திரண்டு.

இந்த ஊரில் நூற்றுக்கு ஒருவருக்குத்தான் அப்பா வழி இத்தனை ஓங்கி வந்திருந்தது. அந்த ஒருவனின் அப்பாதான் காடு மாதிரி முடியோடு கடைவீதியில் நடந்துகொண்டிருந்தார். அவள் திரையைச் சட்டென்று தன் பக்கம் திருப்பினாள். அதற்குள் சமாதர் பார்த்துவிட்டான்.

அவன் முகத்தில் ரத்தம் இல்லை. கருவியைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். அம்மாவைப் பார்க்கவில்லை.

தஹபோவுக்குத் திரை தெரியவில்லை. மகனின் முகம் தெரிந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்பன் பக்கமுன்னு வந்துருக்குதா?" என்று கேட்டார்.

கார்குழலி திரையிலிருந்து கண்ணை எடுத்தாள். தலையை மட்டும் ஆட்டினாள்.

"நெனச்சேன்," என்றார் தஹபோ. எழுந்து துணியைச் சரிசெய்துகொண்டார். "கதவைச் சாத்தீராத கண்ணு. அவுரைக் கூட்டியாறேன்."

அவர் போன பிறகு சமாதர் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டான். "மிசின் தப்பாச் சொல்லுமுங்களா?"

"எண்ணுல ரெண்டு மூணு முன்னப்பின்ன வரும். இவ்வளவு வராது," என்றாள் கார்குழலி. "ஆனா இது யாரு யாருக்குப் பொறந்தாங்கன்னு சொல்ற மிஷின் இல்லை சமாதர். கண்டதையும் நினைக்காதீங்க."

"நான் நெனைக்கலீங்க," என்றான் அவன். நினைத்தவன் சொல்கிற மாதிரியே இருந்தது.

அரை மணி நேரத்தில் தஹபோ கணவரோடு வந்தார். கிளினிக்கின் விளம்பரப் பலகைக்கு உங்கள் தலைதான் வேண்டுமாம் என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தார். ரோப்லே இஸ்திரி போட்ட சட்டையில், முடியை வாரி, அத்தர் மணக்க வந்து உட்கார்ந்து இடது பக்கமாகத் திரும்பிக்கொண்டார். "இந்தப் பக்கந்தான் எடுப்பா இருக்கும், எடுத்துக்கம்மிணி."

"அதுக்கு முன்னாடி ஒரே ஒரு முடி வேணுங்க," என்றாள் கார்குழலி.

அவர் முகம் மாறியது. "தலையில கை வெக்கற பழக்கமெல்லாம் நமக்கு ஆகாது. படம் எடுக்கறதுன்னா எடு."

தஹபோ பின்னால்தான் நின்றிருந்தார். களை பிடுங்குகிற மாதிரி உச்சியிலிருந்து ஒன்றைப் பிடுங்கி கார்குழலியின் உள்ளங்கையில் வைத்தார். ரோப்லே ஆவென்று தலையைப் பொத்திக்கொண்டார்.

கருவி நாலு நிமிடம் யோசித்தது. முதல் வரி வந்தது. இடம்: பிடரி.

கார்குழலி புருவத்தைச் சுருக்கினாள். இந்த முடி உச்சியிலிருந்து வந்ததை அவள் கண்ணால் பார்த்திருந்தாள். கருவியைத் துடைத்துவிட்டு இன்னொரு முடி கேட்டாள். தஹபோ நெற்றிக்கு மேலே இருந்து ஒன்று தந்தார். இடம்: பிடரி. மூன்றாவது, வகிடு எடுக்கிற இடத்திலிருந்து. பிடரி.

"ஏனுங்க, இவுருக்குத் தலை பூராப் பிடரியுங்களா?" என்றான் சமாதர், கவலையை மறந்து.

அப்போதுதான் கார்குழலிக்குப் பிடிபட்டது. ரோப்லேயைப் பார்த்தாள். அவர் சுவரில் இருந்த காலண்டரைக் கவனமாகப் படித்துக்கொண்டிருந்தார். போன வருடக் காலண்டர் அது.

"ஐயா," என்றாள், "இந்த முடியெல்லாம் எங்கே நட்டீங்க?"

அவர் காலண்டரில் அடுத்த மாதத்தைப் புரட்டினார். சமாதர்தான் கேட்டான். "நடறதுன்னா?"

"உச்சி முடிக்கும் பிடரி முடிக்கும் குணம் வேற. ஆம்பளைங்க உடம்புல ஊறுற ஒரு ஹார்மோன் இருக்குது. பரம்பரையில வழுக்கை இருந்தா, உச்சி முடியோட வேர் அதுக்குப் பயந்து சுருங்கிப் போகும். பிடரி முடி பயப்படாது. அதனால டாக்டருங்க பிடரியிலருந்து தோலோட ஒரு பட்டை எடுத்து, வேர் வேராப் பிரிச்சு, உச்சியில நடுவாங்க. நாத்து நடுற மாதிரி. எங்கே நட்டாலும் அது பிடரி புத்தியோடவே வளரும். எத்தனை வருஷம் ஆனாலும் மறக்காது."

சமாதர் அப்பாவின் பின்பக்கம் போய், கழுத்தோரத்து முடியை மெல்ல விலக்கினான். ஒரு காதிலிருந்து இன்னொரு காது வரை வெள்ளையாக ஒரு தழும்பு ஓடியது.

"நீ மூணு வயசுப் பையன்," என்றார் ரோப்லே காலண்டரைப் பார்த்தபடியே. "நாம அப்ப பக்கத்து நாட்டுல, ஜிபூட்டில இருந்தோம். இருவத்தெட்டு வயசுலயே எனக்கு மேல ஒண்ணும் பாக்கியில்லை. துருக்கிக்குச் சரக்கெடுக்கப் போறேன்னு சொல்லீட்டுப் போயி நாலு மாசம் இருந்தேன். பொறவு ஊர் திரும்பி இங்க வந்தோம். இங்க ஆருக்கும் தெரியாது."

"இருவத்திரண்டு பாட்டன்மாரு?" என்றான் சமாதர்.

"என்ற அப்பன் தலையையே நான் பாத்ததில்லப்பா. எந்நேரமும் தலைப்பாகை."

சமாதர் சிரிக்க ஆரம்பித்தான். அழுகிற மாதிரியும் இருந்தது. தஹபோ சிரிக்கவில்லை. மகனுக்கு எதிரே வந்து நின்றார்.

"நீயும் ஒரு நிமிசம் நெனச்சுப்போட்டயல்ல?"

அவன் சிரிப்பு நின்றது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தான். சொல்லவில்லை. குனிந்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். தஹபோ கையை உருவிக்கொள்ளவும் இல்லை, திருப்பிப் பிடிக்கவும் இல்லை.

பிறகு கணவரிடம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. "உங்க ரகசியத்தை இருவத்தொம்பது வருசம் நான் காப்பாத்துனேன். மருதாணி அரைச்சுக் குடுத்தேன். மழை வந்தா மருதாணி கரையாமக் குடையப் புடிச்சேன். டீக்கடையில என்னையப் பேசுனதும் உங்க காதுக்கு வந்துச்சு. நீங்க எந்திரிச்சு ஒரு வார்த்தை சொல்லலை. வெள்ளிக்கிழமை எல்லாரும் கூடறாங்க. இந்த மிசினுப் புள்ள ஒண்ணும் சொல்லாது, நானும் சொல்லமாட்டேன். நீங்க என்ன பண்றதுன்னு நீங்களே பாத்துக்குங்க."

அவர் போய்விட்டார். ரோப்லே ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தார். எழும்போது கார்குழலியிடம், "படம் எடுக்க வேண்டியதில்லையல்ல?" என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து ஹோதன் வீட்டு முற்றத்தில் பாய் விரித்துப் பெரியவர்கள் கூடினார்கள். கார்குழலியைப் பெண்களோடு உள்ளறையில் உட்காரவைத்தார்கள். கதவு திறந்திருந்ததால் முற்றம் முழுக்கத் தெரிந்தது. தஹபோ பக்கத்தில் உட்கார்ந்து பேரீச்சம்பழக் கொட்டைகளைத் தட்டில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார். வெளியே பார்க்கவில்லை.

ரோப்லே கடைசியாக வந்தார். தலைப்பாகை கட்டியிருந்தார். திமோலே முடியை மறைத்துக்கொண்டு வந்தது யாருக்கும் புரியவில்லை. டீ வந்தது. வழக்கம்போல யாரோ அவரைப் பாட்டன்மார் பெயரைச் சொல்லித் தொடங்கச் சொன்னார்கள். அவர் எழுந்து நின்றார். தலைப்பாகையை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார்.

மழமழவென்று மொட்டை. மெதுவாகத் திரும்பி நின்று பிடரியைக் காட்டினார். தழும்பு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"இதான் என்ற தலை," என்றார். "மேல நீங்க பாத்ததெல்லாம் கீழருந்து புடுங்கி நட்டது. என்ற பாட்டன்மாரு பேரெல்லாம் நெசம். அவிய முடியப் பத்திச் சொன்னது மட்டும் பொய். இந்தச் சமாதர் என்ற மகன். வழுக்கையே அதுக்குச் சாட்சி. இதை நான் போன வாரமே டீக்கடைக்கு வந்து சொல்லியிருக்கோணும். என்ற அழகு போயிருமேன்னு பயந்து, ஊட்டுக்காரியப் பத்தி ஊரைப் பேச உட்டுட்டேன். அதைவிட அசிங்கம் வேற இல்லை."

அவாலே டீ டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து வந்து உள்ளறை வாசலில், உள்ளே பார்க்காமல் தலையைக் குனிந்து நின்றார்.

"தஹபோக்கா, சிரிப்புக்குச் சொல்லிப்போட்டேன். என்ற வாய்க்குப் புத்தி இல்லை. மன்னிச்சுருங்க."

"உங்க வாயை நான் எப்பவோ மன்னிச்சுட்டேன் அவாலே," என்றார் தஹபோ. "போயி நாளைக் குறிங்க."

அவாலே திரும்பிப் போய் ரோப்லேக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து, மற்றவர்கள் நாள் பார்த்துக்கொண்டிருந்தபோது, தன் தொப்பியை லேசாகத் தூக்கித் தலையைத் தடவிக்கொண்டு, "வலிச்சுதா?" என்று ரகசியமாகக் கேட்டார். மொழிபெயர்ப்பான் கூர்மையானது, கார்குழலிக்குக் கேட்டுவிட்டது.

"எட்டு மணி நேரம்," என்றார் ரோப்லே.

அவாலே தொப்பியை இறக்கிவிட்டார்.

மறுநாள் கார்குழலி வேர்ச்சொல்லியைத் திறந்து மூன்றாவது வரியை எடுத்துவிட்டாள். கோயம்புத்தூரிலிருந்து மேனேஜர் கூப்பிட்டு, அந்த வரிக்காகத்தானம்மா ஜனங்க வர்றாங்க என்று கத்தினார். அந்த வரி தேவைப்படுகிறவர்கள் தங்கள் அம்மாவைக் கேட்டுக்கொள்ளட்டும் சார் என்று சொல்லி வைத்துவிட்டாள். வரிசை கொஞ்சம் குறைந்தது. சண்டைகள் நிறையக் குறைந்தன. சமாதர் தினமும் மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு அம்மாவோடு சாப்பிடப் போனான். முதல் சில நாள் தஹபோ அவனோடு பேசவில்லையாம். சோறு மட்டும் போட்டாராம். ஐந்தாவது நாள், முடிதான் இல்லை, தலையையாவது துவட்டிக்கொண்டு வா என்று திட்டினாராம். அதைச் சொல்லும்போது அவனுக்கு முகம் மலர்ந்திருந்தது.

ரோப்லேயின் பட்டப்பெயரை ஊர் ஒரே நாளில் மாற்றியது. அப்பா 'பெரிய பிதார்', மகன் 'சின்ன பிதார்'. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது தஹபோ தனியாகக் கிளினிக்குக்கு வந்தார். கூட்டம் இல்லாத நேரம் பார்த்து வந்தது தெரிந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு நெருங்கி உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, அவுருக்கு அந்த முடி திரும்ப மொளைக்குமா?"

கார்குழலி அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று அவசரமாகச் சொன்னாள். "கவலைப்படாதீங்க. சிரைச்சதுதானே, வேர் உள்ளேயே இருக்குது. ஆறு மாசத்துல பழையபடி காடு மாதிரி வந்துரும்."

தஹபோவின் முகம் சுருங்கியது. கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"மொளைக்காம இருக்கறதுக்கு ஏதாச்சும் மருந்து வெச்சிருக்கறயா?"

பதினோரு மாதத்தில் அந்த அறைக்குள் யாரும் கேட்காத கேள்வி அது. கார்குழலி மொழிபெயர்ப்பான்தான் தடுமாறிவிட்டதோ என்று காதைத் தொட்டுப் பார்த்தாள்.

"ஜிபூட்டித் துறைமுகத்துல நான் மொதல்ல பாத்தப்ப அவுரு வெறுந்தலையோட வெயில்ல நின்னாரு," என்றார் தஹபோ. "அந்தத் தலையப் பாத்துத்தான் சிரிச்சேன், அதுக்குத்தான் சரின்னும் சொன்னேன். துருக்கிக்குப் போயிட்டு யாரோ ஒரு ஆளு திரும்பி வந்தாரு. எத்தனையோ வருசம் அந்த ஆளுக்குத்தான் சோறு போட்டேன், மருதாணி வெச்சேன். அந்த வெள்ளிக்கிழமைதான் கண்ணு, என்ற ஊட்டுக்காரரு ஊடு வந்து சேந்தாரு."